"குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்றால் தவறைக் கண்டும் பேசாமல் இருக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் சபையில் பாடகர் குழுவை நடத்தும் ஒருவர், தனியாகச் சீட்டும் பிடித்து வந்தார். சீட்டு முடிந்து எட்டு மாதம் ஆகியும் மூன்று பெண்களுக்குப் பணம் வரவில்லை. அதில் ஒருவர் பீடி சுற்றிச் சேர்த்த காசு, ஒருவர் கணவரை இழந்தவர். இதை நீங்கள் சபையில் இரண்டு பேரிடம் சொன்னபோது, "நியாயந்தீர்க்காதே என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், முதலில் உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தைப் பார்" என்று உங்கள் வாயை அடைத்துவிட்டார்கள். கிறிஸ்தவன் பிறர் தவறைத் தவறு என்று சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "சும்மா இருந்தால் தூக்கம் வரவில்லை, பேசினால் நான் பரிசேயன் (தன்னை நீதிமான் என்று எண்ணிப் பிறரை இகழ்கிறவன்) ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் தென்மாவட்டச் சேகரங்களில் (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவுகளில்) முப்பத்து நாலு வருடம் குருவானவராக இருந்து ஓய்வு பெற்றவன். செமினரியில் கிரேக்கம் படித்தது கொஞ்சம், மிச்சமெல்லாம் வீடு வீடாக நடந்து கற்றது. அந்த மனிதர் தரப்பை நான் கேட்கவில்லை என்பதையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். அவர் பெயரையும் ஊரையும் போடாமல் கேட்டீர்களே, அது நல்ல காரியம்.

முதலில் வசனம். மத்தேயு 7:1 நம் வேதாகமத்தில் இப்படி இருக்கிறது: "நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்." இங்கே உள்ள கிரேக்க வினைச்சொல் கிரினோ. அதற்குப் பிரித்துப் பார்ப்பது, முடிவு செய்வது, தீர்ப்புச் சொல்வது, தண்டனைக்கு ஒப்புக்கொடுப்பது என்று பல பொருள் உண்டு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் வெறுமனே "தீர்க்காதிருங்கள்" என்று விடாமல் "குற்றவாளிகளென்று" என்ற சொல்லைச் சேர்த்தது கவனித்துச் செய்த வேலை. ஏனென்றால் இதே வினையை வைத்துத்தான் யோவான் 7:24-இல் இயேசு, "தோற்றத்தின்படி தீர்ப்புச்செய்யாமல், நீதியின்படி தீர்ப்புச்செய்யுங்கள்" என்கிறார். ஓரிடத்தில் தீர்க்காதே, ஓரிடத்தில் தீர். இரண்டும் ஒருவர் வாயிலிருந்து வந்தவை என்றால், விலக்கப்பட்டது தவறைத் தவறென்று அறிவது என்று இருக்க முடியாது. இந்த ஆள் இவ்வளவுதான், இவனுக்கு இனி ஒன்றும் இல்லை என்று ஒரு மனிதனை முடித்துவைக்கிற தீர்ப்பு இருக்கிறதே, அதுதான் விலக்கப்பட்டது. அது கடவுளுடைய நாற்காலி.

உங்களுக்கு எதிராகக் காட்டப்பட்ட உத்திரம் வசனத்தையும் முழுதாகப் படியுங்கள். "முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்." பின்பு என்று ஒரு சொல் இருக்கிறது. சகோதரன் கண்ணில் துரும்பு அப்படியே கிடக்கட்டும் என்று இயேசு சொல்லவில்லை. துரும்பு உறுத்துகிற கண்ணோடு ஒருவனை விட்டுவிடுவது இரக்கமும் ஆகாது. அதே அதிகாரத்தில் பதினைந்தாம் வசனம் கள்ளத் தீர்க்கதரிசிகளைக் குறித்து எச்சரிக்கையாய் இருக்கச் சொல்கிறது, அடுத்த வசனம் கனிகளினாலே அவர்களை அறிவீர்கள் என்கிறது. பார்க்கவே கூடாது என்றால் கனியை எப்படிப் பார்ப்பது? நம் வள்ளுவரும் இதே வரிசையில்தான் வைத்தார்: "தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றம் காண்கிற்பின் என்குற்ற மாகும் இறைக்கு." அரசனுக்குச் சொன்னது என்றாலும், முதலில் தன்னுடையது, பிறகு பிறருடையது என்ற முறை ஒன்றே.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெரும்பாலான சபைப் பிரிவுகளும் இதில் ஒத்துப்போகும். மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில், ஒரு பாவத்தை அறிவதற்கும் அதற்குத் தீர்ப்புச் சொல்வதற்கும் நடுவே பெரிய வித்தியாசம் உண்டு என்று, அவர் எண்ணிக்கையில் எட்டாம் கட்டளையான பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதன் கீழ் விளக்குகிறார். கத்தோலிக்க மரபில் தாமஸ் அக்வினாஸ் சகோதரனைத் திருத்துவதை அன்பின் செயல்களில் ஒன்றாக வைத்தார். அதற்கும் வேர் லேவியராகமம் 19-இல் இருக்கிறது. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற வசனத்தை எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதற்கு முந்தின வசனம், சகோதரனை உள்ளத்தில் பகைக்காமல் அவனைக் கடிந்துகொள் என்கிறது. அதற்கும் முந்தின வசனம், கோள்சொல்லித் திரியாதே என்கிறது. மூன்றும் வரிசையாக இருக்கின்றன. மனதுக்குள் பகையை வைத்துக்கொள்வதும் ஊரில் போய்ச் சொல்வதும் ஒரு பக்கம், நேரே போய் அவனிடம் சொல்வது இன்னொரு பக்கம்.

இங்கே உங்களிடமே ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியதில், அந்த மனிதரிடம் பேசியதாக ஒரு வரி கூட இல்லை. இரண்டு பேரிடம் சொன்னீர்கள், இப்போது எங்களிடம் சொல்கிறீர்கள். அவரிடம் சொல்லவில்லை. உங்கள் கண்ணில் உத்திரம் என்று ஏதாவது இருந்தால் இதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. மத்தேயு 18:15 தெளிவாக இருக்கிறது: "நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து, அவன் உனக்குச் செவிகொடுத்தால், உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்." ஆதாயம் என்ற சொல்லைப் பாருங்கள். போவது வழக்கில் ஜெயிக்க இல்லை, ஒரு ஆளைத் திரும்பப் பெற. அவன் கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை.

நான் இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு நடைமுறையில் தவறியவன். ஊழியத்தில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு கிராமத்துச் சபை. அங்கே ஒருவர் குடித்துவிட்டு வீட்டில் சண்டை போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், ஆனால் ஊருக்கே புரியும்படி பேசினேன். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடி, பெஞ்சின் ஓரத்தில் நேராக வைத்துவிட்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். செருப்பு மாட்டுகிற சத்தம் கூட உள்ளே கேட்டது. நான் அந்தச் சபையில் இருந்த ஐந்து வருடமும் அவர் ஆலயத்துக்கு வரவில்லை, அந்தப் பையனும் வரவில்லை. அவர் வீடு என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. தினமும் சைக்கிளில் அதைத் தாண்டித்தான் போனேன். ஒருநாள் இறங்கி உள்ளே போயிருந்தால் போதும். நான் சொன்ன குற்றம் உண்மைதான், ஆனால் அதைச் சொல்லி நான் யாரையும் ஆதாயப்படுத்தவில்லை. அந்த வீட்டம்மாவுக்கும் அதனால் ஒரு நன்மையும் வரவில்லை.

அந்த ஊரில் வயதான உபதேசியார் ஒருவர் இருந்தார். அவர் யாரையாவது கண்டிக்கப் போனால், திண்ணையில் உட்கார்ந்து முதலில் தண்ணீர் கேட்பார். மாடு, மழை, பிள்ளைகள் படிப்பு என்று பேச்சு போகும். பத்து நிமிடம் கழித்துப் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார். பல நேரம் அந்த வீட்டுக்காரரே, "ஐயா எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்" என்று ஆரம்பித்துவிடுவார். ஆரம்பிக்காவிட்டால், உபதேசியார் தயங்காமல் நேராக ஒரே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுவார். சுற்றி வளைத்தால் அவமானம்தான் கூடும் என்பார்.

கலாத்தியர் 6:1-இல் பவுல், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்கிறார். அதே கிரேக்கச் சொல்தான், யாக்கோபும் யோவானும் படகில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற இடத்திலும் வருகிறது. கடற்கரைச் சபையில் இருந்தபோது வலை பழுது பார்ப்பதைப் பல மாலைகள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிழிந்த இடத்தை இழுத்துக் கால் பெருவிரலில் மாட்டி விரித்துக்கொள்வார்கள். முதலில் செய்வது முடிச்சுப் போடுவது இல்லை. பிய்ந்து தொங்குகிற நூலைப் பிளேடால் வெட்டிச் சுத்தம் செய்வார்கள். பிறகு கண் கண்ணாக எண்ணி, பழைய கண்ணின் அளவுக்கே புதிதாக முடிச்சு விழும். அவசரமாகச் சுருக்கிக் கட்டினால் வலை ஒரு பக்கமாக இழுக்கும். வெட்டவும் வேண்டும், எண்ணி முடியவும் வேண்டும். ஒன்றுமே நடக்காதது போல் பூசி மெழுகுவதும் திருத்தம் ஆகாது, வலையைத் தூக்கி எறிவதும் ஆகாது.

சரி, இனி நிச்சயம் குறைந்த இடங்கள். மத்தேயு 18:15-இல் உள்ள "உனக்கு விரோதமாக" என்ற சொல், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் என்ற இரண்டு முக்கியமான கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அது மூலத்தில் இருந்ததா, பிறகு சேர்ந்ததா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. உங்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் பணம் போனது உங்களுடையது இல்லை. அந்தச் சொல் மூலத்தில் இருந்ததென்றால் இந்த முறை தனிப்பட்ட பிணக்குக்கு மட்டும் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் கலாத்தியர் 6:1 அப்படி எல்லை போடவில்லை, அதனால் நீங்கள் போகலாம் என்பதே என் முடிவு. அதே போல, 1 கொரிந்தியர் 5-இல் சபையை விட்டு விலக்கப்பட்ட மனிதனும், 2 கொரிந்தியர் 2-இல் தண்டனை போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னியுங்கள் என்று பவுல் எழுதுகிற மனிதனும் ஒருவரே என்று பலர் பிரசங்கிக்கிறோம். அது உறுதி இல்லை, பழங்காலச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலேயே மறுப்பு உண்டு. இரண்டு பேராகவே இருந்தாலும், கண்டிப்புக்கு ஒரு முடிவு உண்டு, திரும்ப வர வாசல் உண்டு என்பது மாறாது.

பவுல் அதே 1 கொரிந்தியர் 5-இன் முடிவில், சபைக்குப் புறம்பே இருக்கிறவர்களைக் குறித்துத் தீர்ப்புச்செய்வது என் காரியமா என்று கேட்கிறார். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பது என் வருத்தம். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தின் திருவிழாவையும் சினிமா பார்க்கிறவர்களையும் பிரசங்கத்தில் தீர்க்கிறோம், உள்ளே சீட்டுப் பணம் போனால் "நியாயந்தீர்க்காதே" என்கிறோம். இன்னொரு தலைகீழும் உண்டு. நகை போடலாமா, பொட்டு வைக்கலாமா, பண்டிகைப் பலகாரம் சாப்பிடலாமா என்பதற்கெல்லாம் சபைகள் உடைந்திருக்கின்றன. உணவும் நாளும் பற்றிய இப்படிப்பட்ட பிணக்குக்குத்தான் ரோமர் 14, "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வியைச் சீட்டுப் பணத்துக்கு இழுப்பது பொருந்தாது. பலகாரத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை, இங்கே பீடி சுற்றின காசு போயிருக்கிறது.

எப்போதும் தனியாகத்தான் பேச வேண்டுமா? இல்லை. அந்தியோகியாவில் பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், அதுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்ட புறஜாதியாரை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார். தவறு பந்தியில் நடந்தது, அதனால் அவமானப்பட்டவர்களும் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் காதில் விழாத மன்னிப்பு அவர்களுக்கு எதற்கு? நம் ஊரிலும் இதே பந்திக் கதை உண்டு. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரிய பக்தரே எதிர்ப்பில் நின்றார். கடிதம் எழுதியவருக்கு ஊர் நிலவரம் தெரியுமா, இன்னும் பொறுமையாகச் செய்திருக்கலாமா என்று இன்றும் பேசலாம். ஆனால் ஒரே திருவிருந்துக்குத் தனித்தனியாக வரச்சொல்லப்பட்டவர்களிடம் போய் "பொறுமையாக" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அசனத்தில், அதாவது சபை விருந்தில், எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

தலைமையில் இருப்பவர் விஷயமும் தனி. 1 தீமோத்தேயு 5-இன்படி, மூப்பர்மேல் வரும் பிராதை (குற்றச்சாட்டை) இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக்கூடாது, ஆனால் பாவம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும். புரளியிலிருந்து பாதுகாப்பும் உண்டு, மூடி மறைப்பதற்குத் தடையும் உண்டு. "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று சொல்லித் தலைவர்களைக் காப்பாற்றுகிறவர்கள் இதைப் படிப்பதே இல்லை.

மத்தேயு 18-ஐ எடுக்கவே கூடாத இடம் ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஒரு பிள்ளையிடம் பாலியல் தவறு நடந்திருந்தால், "முதலில் தனியாகப் பேசுவோம், சபைக்குள் முடித்துக்கொள்வோம்" என்பதற்கு இடமே இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பதும் குற்றம், அவர் குருவானவராக இருந்தாலும் சரி. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம். அதே போல அடிக்கிற கணவனிடம் போய்த் தனியாக உணர்த்து என்று ஒரு மனைவியை அனுப்புவது பாவம் என்றே சொல்வேன். அவருக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும். 181 என்ற எண் பெண்களுக்காக இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணம் போன பெண்கள் காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1 கொரிந்தியர் 6-ஐ வைத்துக் கூடவே கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. சொந்தச் சிறு வழக்குகளைப் பற்றித்தான் அது பேசுகிறது, குற்றத்தைப் பற்றி இல்லை என்பவர்களும் உண்டு. பவுலே இராயனுக்கு அபயமிட்டவர், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தவர். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஆனால் முதல் பக்கத்தில் நிற்கும் நல்ல போதகர்களையும் அறிவேன். "ஏன் நஷ்டத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை" என்ற வசனம் அங்கேதான் இருக்கிறது, அடுத்த வசனமே நஷ்டப்படுத்துகிறவர்களைத்தான் கண்டிக்கிறது. நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வதாக இருந்தால் அதை அந்த மூன்று பெண்கள் தீர்மானிக்கட்டும். ஒரு ரூபாயும் இழக்காதவர்கள் அவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ள முடியாது. பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது பொதுவாக 1982-இன் சிட்ஃபண்ட் சட்டப்படி குற்றம். உங்கள் ஊர்ச் சீட்டு அதில் எப்படி வரும் என்பதை வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டும், அது என் துறை இல்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

அதற்கு முன்னால் நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள். அந்த மூன்று பெண்களிடமும் முதலில் கேட்டுக்கொண்டு போங்கள், அவர்களுக்குத் தெரியாமல் போகாதீர்கள். ஞாயிறு வேண்டாம், ஆலய வாசலில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். போகும் முன் உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள்: பாடகர் குழுவில் அவர்மேல் பழைய வருத்தம் ஏதாவது உண்டா? இருந்தால் நீங்கள் போகாமல் நடுநிலையான ஒருவரை அனுப்புங்கள். போனால், எனக்குத் தெரிந்தது இவ்வளவு, நீங்கள் சொல்லுங்கள் என்று ஆரம்பியுங்கள். சீட்டு எடுத்த யாரோ ஒருவர் ஓடிப்போய், இவரே கடனில் மூழ்கியிருக்கவும் கூடும். சீட்டுக்காரர்களில் அப்படி மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும், ஆனால் பணம் திருப்பித் தர வேண்டியது மாறாது. வரி வசூலிப்பவனான சகேயு மனம் மாறியதும் வாயால் வருத்தம் சொன்னதோடு நிற்கவில்லை, நாலத்தனையாக (நாலு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன் என்றான்.

கேட்காவிட்டால் இரண்டு பேரோடு, பிறகு சேகர குருவானவரிடமும் கமிட்டியிடமும். தாமஸ் அக்வினாஸ், கண்டித்தால் ஆள் இன்னும் மோசமாவான் என்று தெரிந்தால் தனிமனிதன் விட்டுவிடலாம் என்கிறார். ஆனால் பொது நன்மையைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் அந்தக் காரணத்தைச் சொல்லி விடமுடியாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். கமிட்டிக்காரர்கள் மழுப்பினால் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதுவரை அவர் பாடகர் குழுவை நடத்தலாமா என்பது அவர்கள் முடிவு செய்ய வேண்டியது. கணக்குத் தீரும்வரை ஒதுங்கியிருக்கச் சொல்வதே சரி என்று நினைக்கிறேன், ஆனால் ஆராதனைக்கு வருவதைத் தடுக்கக்கூடாது. சபைக்கும் செவிகொடாதவன் "ஆயக்காரனைப்போலவும் இருப்பானாக" (வரி வசூலிப்பவனைப்போல) என்ற வார்த்தையை எழுதிவைத்த மத்தேயு, சபை மரபின்படி, தானே ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தவர். இயேசு அவர் வீட்டில் சாப்பிட்டார்.

அவர் ஒத்துக்கொண்டு தவணையாகத் தருகிறேன் என்றால், தொகையையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி, அவரும் அந்தப் பெண்களும் கையெழுத்துப் போடட்டும். முதல் தவணையை உங்கள் கையில் வாங்காதீர்கள். அவரே நேரில் போய் அவர்கள் கையில் கொடுக்கட்டும், நீங்கள் வேண்டுமானால் கூடப் போய் வாசலில் நில்லுங்கள்.